இலக்கமில்லாத வீட்டு விருந்தாளிகள்

ஹட்டன் பக்கம் லைசன்ஸ் இல்லாமல் ஆள் தங்கவைக்கிற வீடுகளுக்கெல்லாம் சீல் வைக்கிறார்களாம் என்று மதுரன் சொன்னான். அவனுக்குச் சொன்னது ராகலையில் இருக்கிற அவன் சின்னம்மா. சின்னம்மாவுக்கு நுவரெலியா பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வந்த ஒருத்தி சொன்னாளாம். எங்கேயோ ஒரு வீட்டில் தங்கியிருந்த வெள்ளைக்காரக் குடும்பத்தை மழையோடு மழையாகப் பெட்டி படுக்கையுடன் ரோட்டில் இறக்கிவிட்டு, வீட்டுக்காரியைப் பொலிஸுக்குக் கூட்டிப் போனார்களாம். எந்த வீடு, எந்த ஊர் என்று கேட்டேன். "அதெல்லாம் சின்னம்மாவுக்குத் தெரியாது. ஆனா நெசமாம்" என்றான்.

மதுரன் தோஹாவில் என்னோடு ஒரே அறையில் இருப்பவன். சோற்றைப் பிசைந்துகொண்டேதான் இதைச் சொன்னான். "ஒங்க அக்காவும் கொட்டகலையில அந்த வேலதானே செய்யுறாங்க?" என்று கேட்டுவிட்டு, கருவாட்டில் உப்பு கூடிப்போச்சு என்றான். நான் தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்தேன்.

தூரத்தில் இருப்பவனுக்கு ஊர்ச் செய்தி எதுவும் அதன் அளவில் வந்து சேராது. ஊரில் மழை என்றால் எனக்கு மண்சரிவு. மச்சானுக்கு இருமல் என்றால் எனக்கு ஆஸ்பத்திரி. அதனால் கை கழுவிய ஈரத்தோடு அக்காவுக்குப் போன் போட்டேன்.

"என்னடா, சாப்புடுற நேரத்துல?"

"சும்மாதான். ஆளுக இருக்காங்களா அக்கா?"

"ரெண்டு பேரு இருக்காங்க. புருசன் பொஞ்சாதி. ஜெர்மனியாம். அந்தப் பொண்ணு கொச்சிக்காயக் கடிச்சிட்டு ஒறைப்பு தாங்காம அழுதுகிட்டு இருக்கு. அவரு தண்ணி குடுக்காம படம் புடிச்சிக்கிட்டு இருக்காரு."

"அக்கா, இதுக்கு லைசன்ஸ் ஏதும் எடுத்திருக்கீங்களா?"

"லைசன்ஸா? அதெல்லாம் தொரகிட்ட கேட்டுத்தானேடா செஞ்சேன்."

எனக்குப் பயம் வந்தது அந்தப் பதிலைக் கேட்டுத்தான்.

என் அக்கா ஜெயந்தினி கொட்டகலைக்கும் ஹட்டனுக்கும் நடுவில் ரெயில் பாதைக்கு மேலே இருக்கிற ஒரு தோட்டத்தில் பிறந்து, அதே தோட்டத்தில் கொழுந்து பறித்து, அதே தோட்டத்து பாக்டரியில் வேலை செய்த செல்லசாமி மச்சானைக் கட்டிக்கொண்டவள். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து அறை ஒன்றில் இருந்தார்கள். பிறகு தனி வீட்டுத் திட்டம் வந்தபோது சரிவில் ஒரு வீடு கிடைத்தது. ரெண்டு அறை, முன்னால் திண்ணை மாதிரி சிறிய இஸ்தோப்பு, சன்னலைத் திறந்தால் கீழே தண்டவாளம். மகள் சுதர்ஷினி கொழும்பில் வேலைக்குப் போன பிறகு ஒரு அறை சும்மா கிடந்தது. அக்கா அதில் விறகும் உருளைக்கிழங்கும் போட்டு வைத்திருந்தாள்.

ஆள் தங்கவைக்கிற யோசனை எல்லாம் அவளுக்கு வந்ததே இல்லை. ஒரு நாள் மத்தியானம் முன்னால் எங்கேயோ மண் சரிந்து ரெயில் நின்றுவிட்டது. ஆட்கள் இறங்கித் தண்டவாளத்தில் நடந்தார்கள். நனைந்துபோன ரெண்டு வெள்ளைக்காரப் பெண்கள் மேலே ஏறி வந்து, கையால் ஏதோ சாடை காட்டி, கக்கூசு எங்கே என்று கேட்டார்கள். அக்கா காட்டினாள். தேத்தண்ணி கொடுத்தாள். மழை விடவில்லை. விறகை ஒரு பக்கம் ஒதுக்கிப் பாய் போட்டாள். ஒரு ராத்திரிக்கு என்று படுத்தவர்கள் பாதை சரியான பிறகும் போகவில்லை. அக்காவோடு மலைக்கு ஏறிக் கொழுந்து கிள்ளிப் பார்த்தார்கள், கணக்கப்பிள்ளையிடம் திட்டும் வாங்கினார்கள். போகும்போது ஒருத்தி சுதர்ஷினியின் போன் நம்பரை எழுதிக்கொண்டு போனாள். கொஞ்ச நாளில் அந்த நம்பருக்கு ஆட்கள் கேட்க ஆரம்பித்தார்கள். சுதர்ஷினி கொழும்பில் உட்கார்ந்துகொண்டே வீட்டின் படத்தை இணையத்தில் போட்டுவிட்டாள்.

அப்போது அக்கா செய்ததைத்தான் சொல்ல வேண்டும். தோட்டத்தில் எதைச் செய்வதானாலும் முதலில் துரையை, அதாவது தோட்டத்து மேனேஜரை, பார்க்க வேண்டும். கல்யாணத்துக்குப் பந்தல் போட, மாடு வாங்க, இஸ்தோப்பை ஒரு முழம் நீட்ட, செத்தவரைப் புதைக்க, எல்லாவற்றுக்கும் துரை 'சரி' என்று சொல்ல வேண்டும். எங்களுக்கு அதுதான் சட்டம், அதுதான் அரசாங்கம். வெளியே பிரதேச சபை என்று ஒன்று இருப்பது தேர்தல் நேரத்தில்தான் தெரியும். சபை தோட்டத்துக்குள் கை வைக்கக் கூடாது என்றுதான் நெடுங்காலம் சட்டமும் இருந்தது. அதைத் திருத்திச் சில வருசம்தான் ஆகிறது. திருத்தியதை யாரும் வந்து, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் சொல்லவில்லை.

ஆகவே அக்கா தோட்டத்துச் சங்கத் தலைவரைக் கூட்டிக்கொண்டு, தட்டில் வாழைப்பழமும் வெற்றிலையும் வைத்துக்கொண்டு ஆபீஸ் இஸ்தோப்பில் போய் நின்றாள். அப்போது இருந்த துரை கொஞ்சம் வயசானவர், நல்ல மனுசன் என்று பேர். விசயத்தைக் கேட்டுச் சிரித்தாராம். "ஹரி, கரண்ட" என்றாராம். சிங்களத்தில் சரி, செய்யுங்கள் என்று அர்த்தம். பழத்தில் ரெண்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கிளார்க்கிடம் கொடுத்தாராம். முடிந்தது. இனி உலகத்தில் யாரும் தன்னைக் கேள்வி கேட்க முடியாது என்று அக்கா திரும்பி வந்தாள்.

ஆட்கள் வருவது நிலைத்த பிறகு அவள் தோட்டத்து நிரந்தர ஆட்களின் பேரேடான செக்ரோலில் தன் பேரை வெட்டிக்கொண்டாள். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கும். பேர் வெட்டிக்கொண்டவளை மறுபடி சேர்க்க மாட்டார்கள். வேண்டுமானால் கைக்காசுக்குப் போகலாம், இன்றைக்கு உண்டு நாளைக்கு இல்லை என்கிற மாதிரி. மச்சான் பாக்டரியிலிருந்து நின்று வருசமாகிவிட்டது, தேயிலைத் தூசி அவர் நெஞ்சை விட்டு இன்னும் இறங்கவில்லை. ஆக அந்த ஓர் அறைதான் அடுப்பு எரிகிற வழி. அதை மூடிவிட்டால் அக்காவுக்கு வேறு போக்கிடம் இல்லை. நான் இங்கே ஒரு உணவுக் களஞ்சியத்தில் பெட்டி எண்ணுகிறவன். என் விசாவே வருசத்துக்கு வருசம் தொங்கலில் இருக்கிறது.

மதுரனின் சின்னம்மாவை நம்பி உட்கார்ந்திருக்க முடியாமல் ஜூட்சனைப் பிடித்தேன். ஜூட்சன் என்னோடு கொட்டகலையில் படித்தவன். இப்போது பஸாரில் நாலு அறையோடு, சபையில் பதிந்து, பலகை மாட்டி விருந்தினர் விடுதி நடத்துகிறான்.

"சீலும் இல்ல ஒண்ணும் இல்ல மச்சான்" என்று சிரித்தான். "கணக்கெடுக்கிறாங்க. பதியாதவங்க எல்லாம் தானா வந்து பதியணும்னு தவணை குடுத்திருக்காங்க. அதுக்குள்ள வந்தா தண்டம் கிடையாது, ஒளிச்சு நடத்துனாத்தான் கேஸு."

"என்னென்ன கேக்குறாங்க?"

"வீட்டுக்காரங்க அதே வீட்டுல குடியிருக்கணும். வாரவங்களுக்குத் தனி கக்கூசு. தண்ணிய டெஸ்ட் பண்ணணும். நெருப்பணைக்க ஏதாவது இருக்கணும். வாரவங்க பாஸ்போட் நம்பர எழுதி வைக்கணும். குப்பைய ஓடையில கொட்டக் கூடாது. எல்லாம் சின்ன விசயம். ஒண்ணுதான் கொஞ்சம் சிக்கல்."

"என்னது?"

"வீட்டு வரி இலக்கம் கேக்குறாங்க. ஒங்க அக்கா வீட்டுக்கு இருக்கா?"

அவன் அனுப்பிய அறிவித்தலின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தேன். சிங்களத்திலும் இருந்தது, தமிழிலும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் சாதாரண தரம் வரைக்கும் தமிழில் படித்துவிட்டு, தொழில்நுட்பக் கல்லூரியில் சிங்களத்தில் படித்தவன் நான். லயத்துக்கு வருகிற அரசாங்கக் கடிதம் எல்லாம் ஒரு காலத்தில் என் கைக்குத்தான் வரும். இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்தேன், ஏதாவது ஒன்றிலாவது நமக்கு ஒரு சந்து இருக்காதா என்று. இரண்டிலும் இலக்கம் இருந்தது.

அக்காவுக்குத் தமிழை வாசித்துக் காட்டினேன். "'குறுங்கால வாடகைத் தங்குமிடச் சேவை வழங்குநர்கள் அனைவரும்...'"

"இரு இரு. இது எந்த நாட்டுத் தமிழ்டா? நம்மளத்தான் சொல்றாங்களா?"

"ஆமா அக்கா. நீங்கதான் அந்த வழங்குநர்."

"நல்ல பேருதான். மேல வாசி."

வாசித்தேன். தனிக் கக்கூசு கட்டியாச்சு என்றாள். நெருப்புக்கு பாக்டரியில் இருக்கிற மாதிரி சிவப்பு வாளியில் மணல் வைத்திருக்கிறேன் என்றாள். பாஸ்போட் நம்பரை சுதர்ஷினி எழுதி வைக்கிறாள். தண்ணீர் மலை ஊற்று, எந்த டெஸ்ட்டுக்கும் பயமில்லை. வரி இலக்கம் என்று வந்ததும் என்னை மடக்கினாள்.

"நம்ம வீட்டுக்கு எப்படா இலக்கம் இருந்துச்சு? கடிதாசி வந்தாக்கூட கீழ்ப் பிரிவுன்னுதானே வரும்."

"அதத்தான் அக்கா. இப்ப அவுங்க கணக்கெடுக்கத்தான் வருவாங்களாம். வந்தா உள்ளதச் சொல்லிப் பதிஞ்சிருங்க. இலக்கத்துக்கு என்ன வழின்னு அவுங்ககிட்டயே கேளுங்க."

"கணக்கெடுக்க வந்தவன் எவன்டா சும்மா போனான்?" என்றாள் அக்கா. "அப்பா சொல்லுவாருல்ல, கணக்கெடுத்துத்தான் பாதிச் சனத்த இந்தியாவுக்குக் கப்பல்ல ஏத்துனாங்கன்னு."

அது வேறு, இது வேறு என்று சொன்னேன். ம்ம் என்றாள். அந்த ம்ம் எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்கு மறுநாள் நடந்ததை மச்சான் எனக்குச் சொன்னார். அவர் எதையும் இருமலுக்கு நடுவில்தான் சொல்லுவார், அதனால் துக்கமான விசயமும் சிரிப்பாகத்தான் வரும்.

குழாயடியில் நின்ற பக்கத்து வீட்டு ராக்காயிதான் முதலில் பார்த்திருக்கிறாள். கீழே தண்டவாளத்தில் ரெண்டு பேர் நடந்து வந்திருக்கிறார்கள். ஜீப் ஏறாததால் நடந்திருக்கிறார்கள். ஒருவர் பி.எச்.ஐ., அதாவது சுகாதாரப் பரிசோதகர். கூட ஒரு பெண், கையில் பைல். ராக்காயி குடத்தை அப்படியே விட்டுவிட்டு, "ஏ ஜெயந்தினி, ஆபீசு ஆளுக வாராங்கடி" என்று குரல் கொடுத்திருக்கிறாள்.

பெரிய துரைமார் தோட்டத்தைப் பார்க்க வருகிறார்கள் என்றால் லயத்தில் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். கோழியைக் கூடைக்குள் போடுவார்கள், ஆட்டைத் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் இறக்குவார்கள், கூடுதலாகப் போட்ட தகரத்தை இழுத்து மறைப்பார்கள், வேலைக்குப் போகாதவன் கொல்லைப் பக்கமாக மலைக்கு ஏறிவிடுவான். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, கை தானாகச் செய்யும். அக்காவின் கையும் அப்படித்தான் செய்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த ஜெர்மன்காரர்களைத் தட்டோடு எழுப்பி, கொல்லைக் கதவு வழியாகக் கூட்டிக்கொண்டு போய் ராக்காயி வீட்டு அடுப்படியில் உட்காரவைத்துவிட்டாள்.

"அவுங்க பயப்படலையா மச்சான்?"

"பயமாவது. தோட்டத்துச் சமையல் சொல்லிக்குடுக்கப் போறோம்னு நெனச்சுக்கிட்டாங்கப்பா. அந்தப் பொண்ணு அம்மியில உக்காந்து சம்பல் அரைக்க ஆரம்பிச்சிருச்சு. ராக்காயி பாவம், தேங்கா ஒண்ணு எடுத்து ஒடைச்சுக் குடுத்திருக்கா."

அதற்குள் அவர்கள் மேலே வந்துவிட்டார்கள். பி.எச்.ஐ. சிங்களத்தில் கேட்டார், ஆள் யாராவது தங்கியிருக்கிறார்களா என்று. அக்கா தன் பஸார் சிங்களத்தில் இல்லை மாத்தயா என்றாள். மகளோட ரூம்தான், மகள் கொழும்பில் என்றாள். அவர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். ரெண்டு கட்டில், ரெண்டு வெள்ளைத் துவாய். மகள் ஒருத்திதானே என்றார். வாசலில் ஒரு சோடி சப்பாத்து இருந்தது. மலையேறுகிறவர்கள் போடுகிற சப்பாத்து, ஒவ்வொன்றும் ஒரு பாண் ரொட்டி அளவு.

"இது யாரோடது?"

"என்னோடதுங்க மாத்தயா" என்று மச்சான் சொல்லிவிட்டார்.

பைல் வைத்திருந்த பெண் மச்சானின் காலைப் பார்த்தாளாம். மச்சானும் தன் காலைப் பார்த்தாராம். "அய்யா, போட்டுக் காட்டுங்களேன் பாப்போம்" என்றாளாம், நல்ல தோட்டத்துத் தமிழில்.

மச்சான் கட்டாயம் போட்டுத்தான் காட்டியிருப்பார். அவருக்கு வேலை வைக்காமல் கொல்லைக் கதவு திறந்தது. ஜெர்மன் பெண் கண் எல்லாம் சிவந்து, மூக்கெல்லாம் ஒழுகி, சம்பல் தட்டை ரெண்டு கையிலும் ஏந்திக்கொண்டு உள்ளே வந்தாள். அக்காவிடம் காட்டவேண்டுமாம், தானே அரைத்தது என்று. வந்தவர்களையும் பார்த்துச் சிரித்து ஹலோ சொல்லி, எடுத்துக்கொள்ளுங்கள் என்று தட்டை நீட்டினாள். பி.எச்.ஐ. எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பெண் மட்டும் விரலால் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "உப்பு போடலயே" என்றாளாம்.

மச்சான் இதைச் சொல்லிச் சிரித்து, சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்குவதற்கு வெகுநேரம் ஆனது. நான் போனைப் பிடித்துக்கொண்டே நின்றேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பெண்ணின் பேர் ஷெரோமி. சபையில் வருமானப் பகுதி. மச்சான் சொல்லாமல் விட்டதை அக்காவே பிறகு எனக்குச் சொன்னாள்.

"அந்தப் புள்ள தங்கமான புள்ளடா. 'அக்கா, எங்க அப்பாவும் தோட்டத்துல வாச்சர்தான். நாங்க ஒங்களப் பதியத்தான் வந்தோம், தண்டம் போட வரல. நீங்க ஆளுக இருக்காங்கன்னு சொல்லியிருந்தா நான் இப்பவே எழுதிக்கிட்டுப் போயிருப்பேன். இப்ப மறைச்சதா அவரு எழுதிட்டாரே, நான் என்ன செய்ய?'ன்னு கேக்குது. அது கேக்குறதும் ஞாயந்தானே?"

"அப்புறம் என்ன சொன்னாங்க?"

"வியாழக்கெழம ஆபீசுக்கு வரணுமாம், அன்னைக்குத்தான் தவணை கடைசியாம். ஏன் மறைச்சேன்னு தலைமை மாத்தயாகிட்ட சொல்லணுமாம். கூடவே, வீட்டுக்கு இலக்கம் இல்லாததுனால, இந்த வீடு என்னோடதுதான், ஆள் தங்கவைக்கிறதுல தோட்டத்துக்கு ஆட்சேபனை இல்லன்னு தொர கையெழுத்துப் போட்டுத் தரணுமாம். ரெண்டும் சரியா இருந்தா தற்காலிக லைசன்ஸு தருவாங்களாம். இல்லாட்டி ரூமப் பூட்டிப்புடுவாங்க."

"துரை அப்பவே சரின்னாருதானே?"

"அத நானும் சொன்னேன். எங்க எழுதியிருக்குன்னு கேக்குறாங்க. தொர வாயால சொன்னத எவன்டா எழுதித் தாங்கன்னு கேப்பான்? கேட்டா அவருக்குத்தான் கோவம் வரும்."

பி.எச்.ஐ. போகுமுன் ஜெர்மன்காரர்களை வேறு இடத்துக்கு அனுப்பச் சொல்லிவிட்டார். ஜூட்சனின் விடுதிக்குத்தான் அனுப்பினோம். வந்த மற்ற முன்பதிவை எல்லாம் சுதர்ஷினி ரத்துச் செய்தாள். ராக்காயி மட்டும், "போனவங்க என் அம்மிக்கல்லையும் கேட்டாங்கடி, பையில போகாதுன்னு விட்டுட்டாங்க" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாளாம்.

அந்த நல்ல துரை எப்போதோ மாற்றலாகிப் போய்விட்டார். இப்போது இருப்பவர் சின்ன வயசு, கொழும்பிலிருந்து வந்தவர், கையில் எப்போதும் போன். அக்கா வழக்கம்போலத் தலைவரோடும் தட்டோடும் போனாள். புதுத் துரை தட்டைப் பார்த்து, இது எதுக்கு என்று கேட்டாராம். விசயத்தைக் கேட்டுவிட்டு, "வீடு கட்டிக் குடுத்தது திட்டம். நிலம் அரசாங்கத்தோடது, கம்பெனி குத்தகைக்கு எடுத்திருக்கு. நான் எப்பிடிக் கையெழுத்துப் போடுறது?" என்றார். கம்பெனிக்கு எழுதிக் கேட்கிறேன், வியாழக்கிழமை காலையில் வாருங்கள் என்றும் சொன்னார். தருகிறேன் என்றும் சொல்லவில்லை, தரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பழத்தை எடுக்கவில்லை.

"பழத்த எடுக்கலைன்னா அர்த்தம் என்னடா?" என்று அக்கா கேட்டாள்.

"அவருக்குப் பழக்கமில்ல அக்கா. வேற ஒண்ணும் இல்ல."

"பழய தொர ரெண்டு எடுத்தாரு."

அந்தக் கேள்வியை அவள் மறுநாளும் கேட்டாள்.

வேலையில் எனக்கு மனம் ஓடவில்லை. பெட்டியை எண்ணினால் கணக்குத் தவறியது. ஒவ்வொரு இடைவேளையிலும் போனை எடுத்து யாருக்காவது அடித்தேன். ஜூட்சன் சலித்துப்போய், "மச்சான், நீ அங்க இருந்து பயப்படுறதுல இங்க ஒரு காயிதமும் நகராது" என்றான். உண்மைதான். ஆனால் எனக்கு வேறு என்ன தெரியும்? எழுதத் தெரியும். உட்கார்ந்து, தலைமை அதிகாரிக்கு ஒரு விளக்கம் சிங்களத்தில் எழுதினேன். விருந்தினர்கள் பக்கத்து வீட்டில் சமையல் பழகுவதற்காகச் சென்றிருந்தனர், கேட்கப்பட்ட கேள்வியை என் அக்கா சரிவர விளங்கிக்கொள்ளவில்லை, மறைக்கும் நோக்கம் எதுவும் இருக்கவில்லை. மரியாதைச் சொல் எல்லாம் அதனதன் இடத்தில் வைத்து, மூன்று முறை திருத்தினேன். பிறகு அக்காவுக்கு வாய்விட்டு வாசித்து, அர்த்தமும் சொன்னேன்.

முழுக்கக் கேட்டாள். "நல்லா இருக்குடா" என்றாள். "ஆனா அந்தப் புள்ள அங்கயேதானே நின்னுச்சு. வெளங்காம சொன்னேன்னு சொன்னா அது மொகத்த நான் எப்பிடிப் பாக்குறது?"

"அப்ப என்ன சொல்லப் போறீங்க?"

"பயந்துட்டேன்னு சொல்லுவேன்."

"அக்கா, அப்படிச் சொன்னா மறைச்சத ஒத்துக்கிட்டதா ஆயிரும். நாளைக்குக் கேஸு போட்டா அதையே புடிச்சுக்குவாங்க."

"மறைச்சேன்தானேடா."

"மறைச்சீங்கதான். ஆனா அவுங்க கேக்குறது வேற மாதிரி. ஆபீசுப் படிவத்துல பயந்துட்டேன்னு எழுத ஒரு கட்டமும் கெடையாது."

"அப்ப நீ எழுதுனதுல நான் எங்கடா இருக்கேன்?"

அதற்கு நான் ஏதோ சொன்னேன். நீங்க படிச்சுப் பாக்கவேணாம், கையெழுத்துப் போட்டுக் குடுத்தாப் போதும் என்கிற மாதிரி. பின்னால் ஏதோ ரெயில் போகிற சத்தம் கேட்டது. பிறகு, "சரி, சுதர்ஷினிக்கு அனுப்பு. அச்சடிச்சு வைக்கட்டும். கையில இருக்கட்டும்" என்றாள். கொடுப்பேன் என்று சொல்லவில்லை. நான் அனுப்பினேன். எதைக் கொடுப்பாள், எதைச் சொல்லுவாள் என்று எனக்குத் தெரியாது. அவள் சொல்வதுதான் சரியோ என்று ஒரு சமயம் தோன்றும். ஆபீஸ்காரர்களை அறிந்தவன் என்ற முறையில் உடனே பயம் வந்து அதை மூடிவிடும்.

வியாழக்கிழமை நான் லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. களஞ்சியத்தில் போனுக்குத் தடை, அதனால் மதிய இடைவேளை வரை ஒன்றும் தெரியாது. வெளியே வந்து பார்த்தேன். அக்காவிடமிருந்து எதுவும் இல்லை. மச்சானுக்கு அடித்தேன்.

"காலையிலேயே போயிட்டா" என்றார். "பெரட்டுக்கு முன்னாலயே. அந்த நீலச் சீலையக் கட்டிக்கிட்டு."

"துரை கையெழுத்துப் போட்டாரா?"

"தொரயே இல்லப்பா. ஹட்டனுக்கு மீட்டிங்காம். கிளார்க்கு வெயிட் பண்ணச் சொல்லியிருக்காரு. ஆபீசு இஸ்தோப்புல உக்காந்திருக்கேன்னு ஒரு தடவ அடிச்சா. அப்புறம் அடிக்கல."

"தலைவரு கூட இருக்காரா?"

"அவரு கொஞ்ச நேரம் நின்னுட்டு, வேல இருக்குன்னு போயிட்டாராம்."

"துரை வராட்டி என்ன செய்வாங்க? சபை பூட்டிருவாங்களே."

"அதத்தான் நானும் கேட்டேன். தொர வந்தாலும் வராட்டியும் மத்தியானத்துக்கு மேல நான் சபைக்குப் போறேன்னு சொல்லிட்டா. கையெழுத்து இல்லாட்டி இல்லன்னு சொல்லுறேன், அவுங்க என்ன செய்யுறாங்களோ செய்யட்டும்னா."

"நான் எழுதுனத எடுத்துக்கிட்டுப் போனாங்களா?"

மச்சான் கொஞ்சம் தேடினார். ஏதோ தகரப் பெட்டி திறக்கிற சத்தம். "இங்க காணோம். எடுத்துக்கிட்டுத்தான் போயிருப்பா" என்றார். இருமினார். "ரூமக் கூட்டித் தொடச்சுப் புதுத் துவாய் விரிச்சு வச்சிட்டுப் போயிருக்காப்பா. எதுக்குன்னு கேட்டேன். லைசன்ஸு குடுத்தா இன்னைக்கே யாராவது வரலாம், இல்லாட்டி பூட்ட வாரவங்க அழுக்க ஏன் பாக்கணும்னா."

ஷெரோமியின் நம்பர் என்னிடம் இல்லை. ஜூட்சனுக்கு அடித்தேன். ஆள் நிறைய, சமையலறையில் நிற்கிறேன், பிறகு சபைப் பக்கம் போய்ப் பார்க்கிறேன் என்றான். இடைவேளை முடியப் போகிற நேரத்தில் அவனிடமிருந்து ஒரு வரி வந்தது: சபை முன்னால பெரிய கூட்டம், ஒங்க அக்காவ உள்ள கூப்பிட்டுட்டாங்க, கையில காயிதம் இருந்திச்சு, என்ன காயிதம்னு தெரியல.

துரை கையெழுத்தா, நான் எழுதியதா? எதுவானாலும் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் ஆகியிருக்க வேண்டும். இங்கே மத்தியானம் என்றால் அங்கே சாயங்காலம், சபை பூட்டுகிற நேரமும் ஆகிவிட்டது. என் இடைவேளை முடிந்து மேற்பார்வையாளர் கதவருகே நின்று கையைக் காட்டினார். நான் விரலைக் காட்டி ஒரு நிமிசம் என்றேன்.

அக்காவின் நம்பரை அழுத்தினேன். மணி போனது. அடித்து அடித்துத் தானாக நின்றது. மறுபடி அழுத்தினேன். அங்கே மணி போய்க்கொண்டிருக்கிறது.